மேகத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்: அசோர்ஸ் தீவுகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

அசோர்ஸில் என் முதல் காலை வெள்ளைச் சுவரைப் பார்ப்பதில் போனது. சாவ் மிகேல் தீவின் மேற்கில் செட்டே சிடாடெஸ் என்ற எரிமலைப் பள்ளத்துக்குள் இரட்டை ஏரிகள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். மலை விளிம்பில் வண்டியை நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மேகம் முகத்தில் அறைந்து, கண்ணாடியை நனைத்துவிட்டுப் போனது. தங்கியிருந்த வீட்டு அம்மா மாலையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கேமராவைப் பார்க்காமலா போனீங்க?" தன் கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு மலையுச்சியிலும் ஏரிக்கரையிலும் இந்த நிமிடம் வானம் எப்படி இருக்கிறது என்று காட்டினார். ஸ்பாட் அசோர்ஸ் என்ற இலவசச் செயலி அது. அந்த ஊர்க்காரர்கள் பல் விளக்குவதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள். நீங்களும் முதல் வேலையாக அதை இறக்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எத்தனை தீவு, எத்தனை நாள்

போர்ச்சுக்கலுக்கு மேற்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டரில், அட்லாண்டிக்கின் நடுவில் ஒன்பது தீவுகள். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரை 600 கிலோமீட்டர் நீள்கின்றன. யுரேசிய, ஆப்பிரிக்க, வட அமெரிக்க நிலத்தட்டுகள் மூன்றும் கூடும் இடம் இது. மேற்கே இருக்கும் ஃபுளோரஸும் கோர்வோவும் வட அமெரிக்கத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆட்சிக்கு மட்டும்தான் ஐரோப்பா.

ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் சாவ் மிகேல் ஒன்றே போதும், சலிக்காது. பத்து நாள் என்றால் சாவ் மிகேலில் நான்கு, பிறகு ஃபயாலும் பிக்கோவும் சேர்த்து ஐந்து, மேகம் மறைத்தால் ஈடுகட்ட ஒன்று. இரண்டு வாரம் கிடைத்தால் டெர்செய்ராவையோ சாவ் ஜோர்ஜையோ சேர்க்கலாம். ஃபுளோரஸ்தான் ஒன்பதிலும் அழகு என்று சொல்பவர்கள் உண்டு, நானும் மறுக்க மாட்டேன். ஆனால் காற்றடித்தால் அங்கே விமானம் இறங்காது. திரும்பும் தேதி இறுகக் கட்டியிருப்பவர்கள் முதல் பயணத்தில் அதைத் தொட வேண்டாம்.

தீவுகளுக்கிடையே சிறிய புரொப்பல்லர் விமானங்கள் பறக்கின்றன. ஃபயால், பிக்கோ, சாவ் ஜோர்ஜ் மூன்றும் பக்கம் பக்கமாக இருப்பதால் அங்கே படகுதான் வசதி. ஃபயாலின் ஓர்டா துறைமுகத்திலிருந்து பிக்கோவின் மதலேனாவுக்கு அரை மணி நேரம். ஆண்டு முழுவதும் ஓடுகிறது. பயணத்தின் கடைசி நாளை எந்தத் தீவிலிருந்து ஊர் திரும்பும் விமானம் ஏறுகிறீர்களோ அந்தத் தீவிலேயே கழியுங்கள். முந்தின நாளே அங்கு வந்து சேர்ந்துவிடுங்கள். மூடுபனியால் ரத்தான ஒரு சிறிய விமானத்தால் லிஸ்பனில் இணைப்பு விமானத்தைக் கோட்டைவிட்டவர்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன்.

விசா, வண்டி, காலம்

அசோர்ஸ் போர்ச்சுக்கலின் தன்னாட்சிப் பகுதி, ஆகவே ஷெங்கன் விசா போதும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் போர்ச்சுக்கலை முதன்மை இடமாகக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். லிஸ்பனிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் சாவ் மிகேலின் போன்டா டெல்காடா நகரம். டொராண்டோவிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் நேரடி விமானம் உண்டு என்பதால் கனடாத் தமிழர்களுக்கு லிஸ்பன் வரை போய்த் திரும்பி வரும் அலைச்சல் இல்லை. கடிகாரத்தை லிஸ்பனைவிட ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கார் இல்லாமல் பார்ப்பது சிரமம். பேருந்துகள் பள்ளி, வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு ஓடுபவை. வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை கியர் மாற்றி ஓட்டுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். சாலையில் உங்களுக்குப் போட்டி லாரி அல்ல, மாடு. பால் கறக்கும் நேரத்தில் ஒரு மந்தை முழுக்க வளைவில் எதிரே வரும். ஹாரன் அடிக்காதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டால் அவை தானாக இரண்டாகப் பிரிந்து போகும்.

எந்த மாதம்? நீலத் திமிங்கலம் பார்க்க ஏப்ரல், மே. வேலியெல்லாம் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதைப் பார்க்க ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. கடலில் குளிக்க, முக்குளிக்க ஆகஸ்ட், செப்டம்பர். அப்போதுதான் தண்ணீர் 22, 23 டிகிரிக்கு வரும். குளிர்காலத்திலும் கடலோரத்தில் பனி விழாது, ஆனால் மழையும் காற்றும் ஓயாது. என்னைக் கேட்டால் ஜூன். கூட்டம் இன்னும் வந்திருக்காது, பகல் நீளம்.

சாவ் மிகேலில் ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. மேற்குக் கோடியில் செட்டே சிடாடெஸ், கிழக்கே ஃபர்னாஸ் பள்ளத்தாக்கு, நடுவில் லகோவா டூ ஃபோகோ என்ற உயரமான ஏரி. காலையில் கேமராவைத் திறந்து எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். மூன்றும் மூடியிருந்தால் கடலோரம் இறங்குங்கள். மேலே மழை கொட்டும்போது கீழே வெயில் காய்வது இங்கே சாதாரணம். கோடையில் லகோவா டூ ஃபோகோவுக்குச் சொந்த வண்டியில் போகக் கட்டுப்பாடு வைப்பதுண்டு, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செட்டே சிடாடெஸில் எல்லோரும் நிற்கும் இடம் விஸ்டா டூ ரெய். அதைவிட, வண்டியில் லகோவா டூ கனாரியோ ஏரி வரை போய், அங்கிருந்து சற்று நடந்தால் வரும் போகா டூ இன்ஃபெர்னோ முனைதான் நல்லது. நீலக் கண் இளவரசியும் பச்சைக் கண் ஆட்டிடையனும் பிரிய நேர்ந்தபோது அழுத கண்ணீர்தான் இரண்டு ஏரியும் என்று கதை சொல்வார்கள். அதே மேற்குக் கோடியில் கடற்கரையோரம் ஃபெராரியா. பாறை இடுக்கில் வெந்நீர் ஊற்று கடலுக்குள் கலக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் போனால் வெதுவெதுப்பாக இருக்கும். பொங்கும் நேரத்தில் போனால் வெறும் குளிர்ந்த அட்லாண்டிக், கூடவே பாறையில் மோதும் அலை. ஓத நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு, கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

ஃபர்னாஸுக்கு ஒரு முழு நாள் வேண்டும். ஊருக்குள் நடைபாதையோரம் தரை கொதிக்கிறது. அழுகிய முட்டை வாடை பத்து நிமிடத்தில் பழகிவிடும். கொதிக்கும் ஊற்றில் மூட்டை கட்டி வேகவைத்த சோளக்கதிர் விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஏரிக்கரையில் நடப்பதுதான் வேடிக்கை. விடியற்காலையில் ஒவ்வொரு உணவகமும் தன் அண்டாவைக் கொண்டுவந்து மண்ணில் தோண்டிய குழிக்குள் இறக்கி, மூடி, மண்ணைக் குவித்து, பெயர்ப்பலகை குத்திவிட்டுப் போகும். அடுப்பு இல்லை, விறகு இல்லை. பூமியின் சூட்டில் ஆறு மணி நேரம். நண்பகலுக்கு இரண்டு பேர் நீண்ட கொக்கிகளோடு வந்து மண்ணை ஒதுக்கி, ஆவி பறக்க அண்டாவைத் தூக்குவார்கள். அதற்குப் பெயர் கொசீடு. உள்ளே மாட்டிறைச்சி, பன்றி, கோழி, தொத்திறைச்சி, முட்டைக்கோஸ், உருளை, சர்க்கரைவள்ளி, அதோடு நம் சேப்பங்கிழங்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை, காய்கறியும் கறியும் விட்ட சாற்றிலேயே வேகிறது. லேசான கந்தக வாசனை உண்டு. கிழங்குதான் ருசி, கறி எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. உணவகத்தில் முந்தின நாளே சொல்லி வைக்காமல் போனால் கிடைக்காது.

சாப்பிட்ட பிறகு டெர்ரா நோஸ்ட்ரா தோட்டத்துக் குளம். இரும்புச் சத்தால் தண்ணீர் கடுகுக் குழம்பு நிறத்தில் இருக்கும். பழைய கறுப்பு உடையோடு இறங்குங்கள். வெளிர் நிறத் துணி காவியாகி, பிறகு எந்த சோப்புக்கும் மசியாது. என் துண்டு இன்னும் சாட்சியாக வீட்டில் இருக்கிறது.

வடக்குக் கரையோரம் திரும்பும்போது கொர்ரியானா தேயிலைத் தோட்டம் வரும். 1883 முதல் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவு ஆரஞ்சு ஏற்றுமதியில் பிழைத்தது. நோய் வந்து மரங்கள் அழிந்தபோது மாற்றுப் பயிர் தேடினார்கள். 1878இல் தேயிலை பதப்படுத்தச் சொல்லித்தர இரண்டு சீனர்களை வரவழைத்தார்கள். நீலகிரியையோ நுவரெலியாவையோ பார்த்தவர்களுக்கு வரிசைவரிசையான செடி புதிதாக இராது. தேயிலைக்குப் பின்னால் மலைக்குப் பதில் கடல் தெரிவதுதான் கண்ணை உறுத்தும். ஆலைக்குள் நுழைந்து பார்க்கலாம், கோப்பையில் ஊற்றியும் தருவார்கள்.

அன்னாசிக் கண்ணாடி வீடுகளையும் எட்டிப் பாருங்கள். ஆரஞ்சு போன பிறகு வந்த இன்னொரு மாற்று அது. ஒரு பழம் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடிக்கும். எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூக்க உள்ளே புகை மூட்டுகிறார்கள். கடையில் "அனனாஸ்" என்று கேட்டால் போதும், போர்த்துகீசியரிடமிருந்துதான் நமக்கே அந்தப் பெயர் வந்தது. விடுதியில் அறைச் சாவியைக் கேட்கும்போதும் இதே கதை: அவர்கள் ஊரில் அது "ஷாவ்".

பிக்கோ: மலை முதலில், கடல் பிறகு

பிக்கோ மலை 2,351 மீட்டர், போர்ச்சுக்கலிலேயே உயரமானது. ஏற ஆரம்பிக்கும் இடம் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையில்லம். அங்கே பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டும் கருவியை வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஒரே நேரத்தில் மலைமேல் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, ஆகவே கோடையில் முன்பதிவு செய்யுங்கள். வழி நெடுக எண் போட்ட கம்பங்கள், மொத்தம் 47. கம்பம் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கினால் அடுத்ததைத் தேடிப் போகாதீர்கள், நில்லுங்கள். ஏற மூன்று நான்கு மணி நேரம். இறங்கவும் அதே நேரம், சிலருக்கு அதற்கும் மேல். முழங்கால் வலி தெரிவது இறக்கத்தில்தான். உறைந்த லாவா கரடுமுரடானது. கையுறை போட்டுக்கொண்டால் விழுந்தாலும் உள்ளங்கை தப்பும். உச்சிப் பள்ளத்துக்குள் பிக்கீன்யோ என்ற 70 மீட்டர்க் கூம்பு நிற்கும். அதன் மேல் கையை வைத்தால் பாறையிடுக்கிலிருந்து வெந்நீராவி வருவது தெரியும். அங்கேதான் உண்மையில் உச்சி. அதுவரை போகாமல் திரும்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மலையை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறேன் என்றால், முக்குளிக்கும் எண்ணம் இருப்பவர்களுக்காக. ஆழத்திலிருந்து வந்தவர் ஒரு நாள் ஆகுமுன் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். 2,351 மீட்டர் மலைக்கும் அதே விதி என்பதை மறந்துவிடுகிறார்கள். மலை, பிறகு கடல், பிறகு ஒரு நாள் சும்மா, அதன் பிறகு விமானம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அனுபவமுள்ளவர்களுக்கு பிரின்செஸா அலிஸ் மேடு இருக்கிறது: நடுக்கடலில் கடலடியிலிருந்து எழும் மலை, கோடையில் மொபுலா திருக்கைகள் கூட்டமாகச் சுற்றும். படகில் சில மணி நேரம், அலை குலுக்கும். புதியவர்கள் கரையோர லாவாக் குளங்களிலேயே மூக்குக்குழாய் வைத்து நீந்தினாலும் மீனுக்குக் குறைவில்லை. பளபளக்கும் நீல ஊதா பலூன் போல ஒரு கடலுயிர் மிதந்தால் விலகுங்கள். "கரவேலா" என்கிறார்கள் அதை. கரையில் செத்துக் கிடந்தாலும் தொட்டால் நெருப்பாக எரியும்.

திமிங்கலம் பார்க்கப் போகும் நாள்

இதற்குப் பயணத்தின் முதல் பாதியில் நாள் குறியுங்கள். கடல் ஒத்துழைக்காவிட்டால் மறுநாளுக்குத் தள்ள இடம் இருக்கும். பிக்கோவின் லாஜெஸ், மதலேனா, ஃபயாலின் ஓர்டா, சாவ் மிகேலின் துறைமுகங்கள் எல்லாவற்றிலிருந்தும் படகு உண்டு. ரப்பர்ப் படகு வேகமானது, ஆனால் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் பெரிய படகில் ஏறுங்கள். வாந்தி மாத்திரையைக் கிளம்புமுன் போடுங்கள், நடுக்கடலில் போட்டுப் பயனில்லை. ஜூலையிலும் காற்றுத்தடுப்புச் சட்டை வேண்டும்.

இங்கே ஆண்டு முழுவதும் இருப்பது ஸ்பெர்ம் திமிங்கலம். நம் செய்தித்தாளில் அம்பர்கிரீஸ் கடத்தல் என்று அடிக்கடி வருகிறதே, அந்த அம்பரைத் தருவது இதுதான். அதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். படகில் இருக்கும் கருவியைவிட, குன்றின் மேல் ஒரு சிறு அறையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்ணைத்தான் நம்புகிறார்கள். காவல் பார்க்கும் அவரை விஜியா என்கிறார்கள். திமிங்கல வேட்டை நடந்த காலத்திலும் இதே அறையில் இதே வேலை நடந்தது: மூச்சு தெரிந்ததும் வாணம் விடுவார், வயலில் மண்வெட்டியோடு நின்றவர்கள் போட்டதைப் போட்டபடி துறைக்கு ஓடுவார்கள். துடுப்புப் படகு, கையால் எறியும் ஈட்டி. கடைசித் திமிங்கலம் பிக்கோவில் பிடிபட்டது 1987இல். இப்போது விஜியா வானொலியில் பேசுகிறார், படகு அந்தத் திசையில் திரும்புகிறது.

படகில் நீங்கள் பார்க்க வேண்டியது நீர்த்தாரையின் சாய்வு. மற்றத் திமிங்கலங்கள் நேரே மேல்நோக்கி ஊதும். ஸ்பெர்ம் திமிங்கலம் முன்னால் இடப்பக்கமாகச் சாய்த்து ஊதும். பத்து நிமிடம் போல மூச்சு வாங்கும். முதுகு வளைந்தால் கேமராவைத் தயாராக வையுங்கள், அடுத்து வால் தூக்கும். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஆளைக் காணாது. லாஜெஸில் திமிங்கல வேட்டையர் அருங்காட்சியகம் இருக்கிறது. படகுப் பயணத்துக்கு முந்தின நாள் போய்விடுங்கள், கடலில் பார்ப்பது வேறு மாதிரித் தெரியும்.

பிக்கோவிலேயே மதலேனாவுக்குத் தெற்கே கறுப்புக் கற்சுவர்களுக்குள் திராட்சை வளர்கிறது. மண் என்று ஒன்றே இல்லை, லாவா வெடிப்பில் கொடியை நட்டு, உப்புக்காற்று படாமல் சிறு சிறு கட்டமாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கரைக்குப் போனால் பாறையில் சரிவு வெட்டியிருப்பது தெரியும். மது பீப்பாய்களை உருட்டிப் படகில் ஏற்றிய இடம். "பீப்பா" அவர்களிடம் "பீபா".

ஃபயாலுக்கு ஒன்றரை நாள் போதும். கப்பெலின்யோஷைத் தவறவிடாதீர்கள். 1957 செப்டம்பரில் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் வெடித்த எரிமலை 13 மாதம் ஓயவில்லை. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் சாம்பலில் புதைந்தது, இன்றும் மேல் பாதிதான் வெளியே நிற்கிறது. வீடும் வயலும் இழந்தவர்களுக்காக 1958இல் அமெரிக்கா தனிச் சட்டம் போட்டது. செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடி அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர். ஓர்டா துறைமுகச் சுவரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் பாய்மரக்காரர்கள் ஆளுக்கொரு ஓவியம் தீட்டிவிட்டுப் போகிறார்கள். தீட்டாமல் கிளம்பினால் கடல் விடாது என்று நம்பிக்கை.

டெர்செய்ராவில் மாடும் மகுடமும்

மே முதல் தேதியிலிருந்து அக்டோபர் நடு வரை டெர்செய்ராவின் ஏதாவதொரு தெருவில் கயிற்று மாட்டு விளையாட்டு நடந்துகொண்டே இருக்கும். சிவகங்கைப் பக்கம் வடமாடு பார்த்தவர்களுக்கு அரைவாசி புரிந்துவிடும். நீண்ட கயிற்றின் மறுமுனையை வெள்ளைச் சட்டைக்காரர்கள் பிடித்திருப்பார்கள். ஆனால் மாட்டை யாரும் அணைவதில்லை, அதற்குப் போக்குக் காட்டி ஓடுவதுதான் வீரம். குடை விரித்துக்கூட ஓடுவார்கள். கொம்பு நுனியில் உறை, மாட்டைக் கொல்வதும் இல்லை. சாலையில் மாடு எதுவரை வரும் என்று கோடு போட்டிருக்கும். வாணம் வெடித்தால் மாடு வெளியே வந்துவிட்டது என்று பொருள். கோட்டுக்கு வெளியே, சுவரின் மேல் இடம் பிடியுங்கள்.

ஈஸ்டர் முடிந்து ஏழெட்டு வாரம் வரை போனால் பரிசுத்த ஆவி விழா. ஊர்தோறும் இம்பேரியு என்ற, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் பொம்மை வீடு போன்ற சிற்றாலயங்கள். உள்ளே வெள்ளி மகுடம். அதை அந்த ஆண்டுக்குரிய சாதாரண குடும்பத்தார் தலையில் சூட்டுவார்கள். அன்று ஊருக்கெல்லாம் சோறு போடுவது வழக்கம். ரொட்டியின் மேல் புதினா மணக்கும் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றித் தருவார்கள். வெளியூர்க்காரர் என்று ஒதுக்க மாட்டார்கள், கூப்பிட்டால் உட்காருங்கள்.

தட்டில் வருவது

உணவகத்தில் கேட்காமலே ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, மிளகாய் விழுது மேசைக்கு வரும். இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். லாபாஸ் என்பது பாறையில் ஒட்டும் சிப்பி. பூண்டும் வெண்ணெயும் போட்டு இரும்புத் தட்டில் சடசடவென்று வரும், தவறவிடாதீர்கள். சைவர்களுக்குத்தான் திண்டாட்டம்: கீரை சூப்பில்கூடத் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். "செம் கார்னே, செம் பெய்ஷே" என்று இரண்டையும் சொல்ல வேண்டும், கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். சமையலறையுள்ள வீட்டை எடுத்து, கையோடு பருப்புப் பொடி கொண்டுபோவது நலம். ஃபர்னாஸின் போலோ லேவெடு என்ற தட்டை ரொட்டியும் சாவ் ஜோர்ஜ் பாலாடைக்கட்டியும் இருந்தால் காலை கவலையில்லாமல் கழியும்.

ராத்திரிச் சத்தம்

கடைசியாக, கடலோரம் தங்கினால் இருட்டிய பிறகு குழந்தையும் வாத்தும் சேர்ந்து சண்டை போடுவதுபோல ஒரு கூச்சல் கேட்கும். பயப்பட வேண்டாம், ககாரோ என்ற கடல்பறவை. பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு இரவில் பொந்துக்குத் திரும்புகிறது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் போகிறவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். முதல்முறை பறக்கும் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்துக் குழம்பிச் சாலையில் விழுந்து கிடக்கும். ஊரே அட்டைப்பெட்டியோடு அலையும் பருவம் அது. ஒன்றைக் கண்டால் சட்டையைக் கழற்றி மேலே போர்த்தி, அலகு கையில் படாமல் தூக்கிக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். காலையில் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் தரையில் விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு தானாகக் கிளம்பிப் போகும்.